பாவை முதல் பஞ்சுக் கரடி வரை

அறந்தாங்கியின் வரலாறு என்றவுடன் கற்றோர் நினைவுக்கு வருவன சில உண்டு. 15ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு இப்பகுதியில் ஆட்சி செலுத்திய அறந்தாங்கித் தொண்டைமான்கள், அவர்தம் கோட்டையின் எச்சங்கள், அண்மையில் உள்ள ஆவுடையார்கோயிலாகிய திருப்பெருந்துறை, அங்கே மணிவாசகர் ஆட்கொள்ளப்பெற்ற செய்தி, 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது இவ்வட்டம் தஞ்சை மாவட்டத்தினின்று பிரிந்து வந்தமை ஆகியன அவை. இவற்றுக்கெல்லாம் கல்வெட்டும் ஆவணமும் அரசாணையும் சான்று கூறுகின்றன. ஆயின், அக்கோட்டையின் உள்ளும் புறமும் வாழ்ந்த குழந்தைகள் இரவில் எதனை அணைத்துக்கொண்டு உறங்கினார்கள் என்பதற்குக் கல்வெட்டு எதுவும் இல்லை. மன்னர்தம் கொடையைப் பொறித்த சிற்றுளி, மழலையர்தம் உடைமையைப் பொறிக்கவில்லை.

இன்று அறந்தாங்கியின் எந்தத் தெருவிலும் ஒரு காட்சியைக் காணலாம். இரண்டு அல்லது மூன்று வயதுக் குழந்தையின் கையில் ஒரு பஞ்சுக் கரடி இருக்கும். அதன் ஒரு கண் உதிர்ந்திருக்கும். காது கடிபட்டுக் கசங்கியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் பால் வாடையும் ஏறியிருக்கும். தாய் அதனைத் துவைத்துக் கொடியில் போட்டால், அது உலரும்வரை குழந்தை கொடியின் கீழேயே நின்று அழும். புதிய பொம்மை வாங்கித் தருவதாகச் சொன்னால் அழுகை மிகுமேயன்றிக் குறையாது. "இதெல்லாம் நம் காலத்தில் ஏது? வெளிநாட்டுப் பழக்கம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அக்கூற்று பாதி உண்மை, பாதி உண்மையன்று. கரடி வெளிநாட்டினின்று வந்தது. அதன்மேல் குழந்தை கொண்ட அன்பு வந்ததன்று. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணில் எஞ்சியதும் எஞ்சாததும்

விளையாட்டுப் பொருள்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் சான்றின்மை ஆகும். சுட்ட மண் நிலைக்கும், துணி மட்கும். கீழடி அகழாய்வில் சுடுமண் உருவங்களும் சக்கரங்களும் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, பொற்பனைக்கோட்டையில் 2023ஆம் ஆண்டு தொல்லியல் துறை அகழாய்வு மேற்கொண்டபோது ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் வெளிப்பட்டன. சில்லு விளையாடிய கால்கள் மறைந்தன. சில்லு மட்டும் மறையவில்லை.

ஆனால் துணியாலும் நாராலும் கோரையாலும் செய்த பொருள்கள் நம் ஈர மண்ணில் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பதில்லை. எகிப்து நாட்டின் வறண்ட மணல் அவற்றைக் காத்தது. ஆக்சிரிங்கசு என்னும் பழைய நகரில் கிடைத்த ஒரு துணிப் பொம்மை இன்று இலண்டன் மாநகரின் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கிறித்துவுக்குப் பின் முதல் ஐந்து நூற்றாண்டுகளுக்குள் செய்யப்பெற்ற அது, சணல்நூல் துணியால் தைத்து, உள்ளே கந்தையும் பாப்பிரசுத் துண்டுகளும் அடைத்த எளிய பொம்மையாகும். அத்தகைய ஒன்று தமிழகத்தில் கிடைக்கவில்லை என்பதால் இங்கே இருந்ததில்லை என்று கொள்ளுதல் பொருந்தாது. மண் காக்காததைத் தமிழகத்தில் சொல் காத்தது. ஆகவே, இவ்வரலாற்றுக்கு நம்முடைய அகழாய்வுக் களம் சங்க நூல்களே ஆகும்.

சங்கச் சான்றோர் கண்ட மழலை உடைமை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வ வளத்தைச் சொல்ல வருகிறார். முற்றத்தில் உலரும் நெல்லைக் கோழி கவர, பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அவ்வணி, சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் கிடந்து அதனைத் தடுக்கிறது. குதிரை பூட்டாத தேர் அது. அந்நகரத்துக்கு வேறு பகையோ தடையோ இல்லை என்பது புலவர் கருத்து. செல்வத்தின் அளவைக் காட்ட வந்த இடத்தில், ஒரு பேரூரின் பெருந்தடையாக ஒரு குழந்தையின் தேருக்கு நேர்ந்த தடையைச் சொன்னது எண்ணி மகிழத்தக்கது.

இதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில் மருதநில வீடு ஒன்றைக் காட்டுகிறார். தச்சர் செய்து தந்த, ஏறிச் செல்ல இயலாத தேரை உருட்டிக் களைத்த குழந்தைகள், செவிலியின் பாலுண்டு படுக்கையில் உறங்குகின்றனர். தேர், களைப்பு, பால், உறக்கம் என்ற இவ்வரிசை இன்றும் எல்லா வீடுகளிலும் மாறாமல் நிகழ்வதாகும்.

குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார் மேலும் நுட்பமாக ஒன்றைக் கண்டார். தச்சன் செய்த சிறுதேரில் சிறுவர் ஏறி ஊர்ந்து இன்புறுவதில்லை. ஆயினும் கையால் இழுத்தே இன்பம் எய்துகின்றனர். அது போலத் தலைவனோடு கூடி இன்புறாவிடினும், அவனது நட்பை வளர்த்தே இன்புற்றதாகத் தோழி உரைக்கிறாள். பொருளின் பயன் வேறு, பொருளின்பால் உள்ள பற்று வேறு என்னும் உண்மை இங்கே தெளிவாகின்றது. குழந்தை தன் கையில் உள்ள பொருளை அதன் பயன் கருதிக் காதலிப்பதில்லை.

ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியைப் பாடிய அம்மூவனார், கடற்கரையில் மணலால் செய்த வண்டற் பாவையைப் பற்றி இரு பாடல்களில் பேசுகிறார். ஒன்றில், தன் பாவையை அலை கொண்டு சென்றதனால் சினந்த சிறுமி, நுண்மணலை அள்ளி அள்ளி இட்டுக் கடலையே தூர்க்க முற்படுகிறாள். மற்றொன்றில், பாவையைத் திரை கவர்ந்ததனால் மையுண்ட கண்கள் சிவக்க அழுது நிற்கிறாள். இவை தலைவன் விரும்பிய இளையவளைக் குறித்துத் தலைவி எள்ளலாகக் கூறும் சொற்கள் என்பது மெய்யே. எனினும், எள்ளலுக்கு எடுத்த உவமையும் உலகில் கண்டதாகத்தானே இருத்தல் வேண்டும்? கடலைத் தூர்க்கப் புறப்பட்ட ஒரு சின்னஞ்சிறு பெண்ணை எங்கோ ஒரு கரையில் கண்ட கண்களே இதனைப் பாடியிருக்க முடியும். "வேறு பாவை செய்து தருகிறேன்" என்னும் ஆறுதல் அவளுக்கு உதவாது. போனது அவளுடைய பாவை.

சிற்றிலும் சிறுதேரும்

பிற்காலத்தில் இவ்வுணர்வு ஓர் இலக்கிய வகைக்குள்ளேயே இடம்பெற்றது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கி, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என விளையாட்டுப் பொருள்களாலேயே பெயர் பெற்றன. அவற்றுள் சிற்றில் பருவம் தனித்துக் கருதத்தக்கது. தாம் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்க வேண்டா என்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனை வேண்டுவதே அதன் பொருள். அரசனாயினும் ஆண்டவனாயினும் குழந்தையின் படைப்பை அழிக்கும் உரிமை உடையவன் அல்லன் என்னும் முறையீடு அதனுள் ஒலிக்கிறது.

'பாவை' என்னும் சொல்லே பொம்மையையும் பெண்ணையும் கண்ணின் கருமணியையும் ஒருங்கே குறிக்கும். இலத்தீன் மொழியிலும் கண்மணியைக் குறிக்கும் சொல், சிறு பொம்மை என்னும் பொருள்படும் சொல்லாகவே உள்ளது. எதிரில் நிற்பவரின் சிற்றுருவம் கண்ணுள் தெரிவதனால் இப்பெயர் அமைந்தது என்பர். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிகள் குழந்தையின் பொம்மையைக் கண்மணிக்குள் கொண்டு வைத்தன.

மரப்பாச்சியும் தூளிச் சேலையும்

அறந்தாங்கி நெடுங்காலம் தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்த ஊர். தஞ்சையின் தலையாட்டிப் பொம்மையும் நவராத்திரிக் கொலுவும் இப்பகுதி வீடுகளுக்குப் புதியன அல்ல. ஆயினும் அவை பார்ப்பதற்குரியவை, அணைப்பதற்குரியவை அல்ல. கொலுப்படியின் அருகே சென்ற குழந்தைக்குக் கிடைப்பது "தொடாதே" என்னும் சொல்லே. படியில் இருந்து இறங்கிக் குழந்தையின் கைக்கு வந்த பொம்மை மரப்பாச்சி ஒன்றுதான். செம்மரத்திலோ கருங்காலியிலோ கடைந்த அது விழுந்தால் உடையாது, கடித்தால் கரையாது. கந்தைத் துணியைச் சுற்றிச் சேலையாக்கலாம். தாயிடமிருந்து மகளுக்கு என்று தலைமுறை கடந்தும் வந்தது. முகம் தேய்ந்த மரப்பாச்சி என்பது, பல குழந்தைகளின் கன்னம் பட்ட மரப்பாச்சி என்பதாகும்.

எல்லா வீட்டிலும் மரப்பாச்சி இருந்ததில்லை. எல்லா வீட்டிலும் இருந்தது தாயின் பழைய நூற்சேலை. உத்தரத்தில் அது தூளியாகத் தொங்கியது. தூளியை விட்டிறங்கிய பின் போர்வையாயிற்று. கிழிந்தபின் கந்தையை உருட்டி முடிச்சிட்டால் தலையும் உடலுமாகத் துணிப் பொம்மையாயிற்று. அம்மாவின் மணம் மாறாத அச்சேலையின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டல்லாமல் உறங்காத பிள்ளைகள் எத்தனையோ பேர். நடுவயதைக் கடந்த பின்னும் அம்மணத்தை நினைவிற் கொண்டுள்ள ஆடவரும் பெண்டிரும் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. தமிழ் வீட்டின் உண்மையான பஞ்சுக் கரடி இப்பழஞ்சேலையே எனலாம்.

பஞ்சுக் கரடியின் வருகை

இனி, மேலைநாட்டுக் கரடியின் கதையையும் அறிதல் வேண்டும். செருமனி நாட்டின் கீங்கன் என்னும் ஊரில் இளம்பிள்ளை வாதத்தால் கால் வழங்காது சக்கர நாற்காலியில் வாழ்ந்த மார்கரேட் ஸ்டைஃப் என்னும் பெண்மணி, 1880ஆம் ஆண்டு ஊசி குத்தி வைப்பதற்கென யானை வடிவில் ஒரு சிறு மெத்தையைத் தைத்தார். அதனைக் குழந்தைகள் ஊசிக்கு விடவில்லை, விளையாட எடுத்துக்கொண்டனர். மென்மையான விலங்குப் பொம்மைத் தொழில் அவ்வாறு தோன்றியது. அவருடைய உறவினர் ரிச்சர்டு ஸ்டைஃப் 1902இல் கைகால் அசையும் கரடியை வடிவமைத்தார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், மிசிசிப்பி மாநில வேட்டையின்போது கட்டி வைக்கப்பட்டிருந்த கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபோர்டு பெரிமன் என்பார் அதனைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் கடை வைத்திருந்த மாரிஸ் மிச்டம் கரடிப் பொம்மை செய்து, ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயரான 'டெடி' என்பதை அதற்குச் சூட்டினார். அப்பெயரே இன்று அறந்தாங்கிக் கடைகளிலும் வழங்குகிறது.

ஊசி மெத்தையாக இருந்ததைப் பொம்மையாக்கியவர்கள் குழந்தைகளே என்பது இங்கே கருதத்தக்கது. தம் அன்புக்குரிய பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைக் குழந்தைகள் எந்நாட்டிலும் பெரியோரிடம் விட்டுவிடுவதில்லை. சேலையைப் பொம்மையாக்கிய தமிழ்க் குழந்தையும் யானை மெத்தையைப் பொம்மையாக்கிய செருமானியக் குழந்தையும் இவ்வகையில் உடன்பிறப்புகளே.

அறிவியல் கண்ட உண்மை

இப்பற்றினை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர், இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் விளங்கிய டொனால்டு வின்னிகாட் ஆவார். 1951இல் படித்து 1953இல் வெளியிட்ட கட்டுரையில், குழந்தை விடாது பற்றும் போர்வைக்கும் பொம்மைக்கும் 'இடைநிலைப் பொருள்' என்று பொருள்படும் பெயரை அவர் இட்டார். தாயும் தானும் ஒன்று என்றிருந்த குழந்தை, தான் வேறு தாய் வேறு என்று உணரத் தொடங்கும் பருவத்தில் அந்த இடைவெளியைக் கடக்க உதவும் பாலமே அப்பொருள் என்பது அவர் முடிபு. அதன் அழுக்கையும் மணத்தையும் தாய் பொறுத்துக்கொள்கிறாள். துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு முறிவு நேரும் என்பதை அவள் அறிவாள் என்றும் அவர் எழுதினார். கொடியின் கீழ் நின்று அழும் குழந்தையின் துயரம் இதனால் விளங்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளைக் கொண்டு செய்த ஆய்வு 1958இல் வெளிவந்தது. பால் தரும் கம்பித் தாயையும் பால் தராத துணித் தாயையும் முன்வைத்தபோது, குட்டிகள் பாலுக்கு மட்டும் கம்பியை நாடி, மற்றப் பொழுதெல்லாம் துணியையே தழுவிக் கிடந்தன. அக்குட்டிகளைத் தாயினின்று பிரித்தது கொடுமை என்று பின்னர் பலர் கண்டித்தனர், அக்கண்டனம் நேரியதே. பசி தீர்வதனால் மட்டும் அன்பு பிறப்பதில்லை என்பதை அவ்வாய்வு உணர்த்தியது.

1976இல் கொரிய, அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, தாயின் அருகிலேயே உறங்கும் குழந்தைகளிடம் இத்தகைய பொருட்பற்று குறைவாக இருப்பதைக் காட்டியது. நம் பெரியவர்கள் "நம் காலத்தில் ஏது?" என்று கேட்பதில் உள்ள பாதி உண்மை இதுவே. பாயில் தாயின் பக்கத்தில் கிடந்த பிள்ளைக்குத் தாயே கிடைத்தாள். வேறு பொருள் மிகுதியாகத் தேவைப்படவில்லை. அவள் எழுந்து அடுப்படிக்கோ வயலுக்கோ சென்றபோது அவளுடைய சேலை எஞ்சியது. இன்று தாய் பணிக்குச் செல்லும் வீடுகளில், சேலையின் இடத்தில் கரடி அமர்ந்திருக்கிறது. ஆகவே அக்கரடியை ஆடம்பரம் என்றோ அடம் என்றோ இகழ்தல் முறையன்று. அது தாயின் இடத்தைக் காத்து நிற்கும் பொருளாகும்.

கடல் கொண்ட பாவை

அறந்தாங்கி கோட்டத்தின் கிழக்கெல்லை கடலாகும். மணமேற்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய கடலூர்கள் இதில் அடங்கும். கரையில் மணற்பாவை செய்வதும் அலை வந்து அதனைக் கொண்டு போவதும் இங்கே நூலிற் படிக்கும் செய்தி மட்டுமன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையில் ஏறியபோது, அது கொண்டு சென்றது மணற்பாவைகளை மட்டுமன்று. பாவை செய்த குழந்தைகளையும் அள்ளிச் சென்றது. அம்மூவனார் பாடிய சிறுமியின் சினம், அன்று ஒரு கடற்கரை முழுவதன் சினமாயிற்று.

அதன்பின், ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்திய உபாசனா என்னும் ஆடைக் கூடத்தின் துணையோடு, சுற்றுப்புற மீனவப் பெண்கள் வெட்டி எறிந்த துணித் துண்டுகளைக் கொண்டு விரலளவுப் பொம்மைகளைச் செய்யத் தொடங்கினர். 'சுனாமிகா' என்று அவற்றுக்குப் பெயர். அவை விற்கப்படவில்லை, கொடையாகவே வழங்கப்பெற்று, இலட்சக்கணக்கில் உலக நாடுகள் பலவற்றுக்கும் சென்றன. துயருற்றவர்கள் மனம் தேறுவதற்கு அவர்கள் கையில் தரப்பட்டது ஊசியும் நூலும் கந்தையும். இழப்பின் முன் மனிதர் எவ்வயதினராயினும் மென்மையான ஒன்றைக் கையில் பற்ற விழைகின்றனர் என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டுவதில்லை.

எஞ்சி நிற்கும் பாவை

வின்னிகாட் கூறிய மற்றொரு செய்தி உண்டு. இப்பொருளைக் குழந்தை ஒருநாள் மறப்பதுமில்லை. அதற்காகத் துக்கம் கொள்வதுமில்லை. அது மெல்லப் பொருளிழந்து ஒதுங்கிப் போகிறது. குழந்தையைப் பொறுத்தவரை இது உண்மை. தாயைப் பொறுத்தவரை உண்மை வேறு என்பதை ஓதலாந்தையார் அறிந்திருந்தார். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில், மகள் தலைவனோடு சென்றுவிட்ட வீட்டில் தாய் தனித்து நிற்கிறாள். மகள் விளையாடிய பாவை கிடக்கிறது. அவள் வளர்த்த கிளியும் பூவையும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இன்னது இன்னது என்று சுட்டிக் கண்டு கண்டு கலங்குகிறாள். மகள் பாவையை விட்டுச் சென்றாள். பாவை தாயை விட்டுச் செல்லவில்லை. பொம்மையின்மேல் கொண்ட பற்று குழந்தையிடம் தொடங்கித் தாயிடம் சென்று நிலைக்கிறது என்பதே அப்பாடலின் உட்பொருளாகும்.

இப்பகுதி அய்யனார் கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் வானுற நிற்கும் பெருங்குதிரையை அறியாதார் இலர். ஆயின் சிற்றூர்க் கோயில்களில், வேளார் செய்த மண்புரவிகளை மக்கள் சுமந்து வந்து நேர்த்தியாக நிறுத்துவர். பிள்ளைப் பேறு வேண்டியோர் மண் குழந்தையைச் செய்து வைப்பர். புதிய புரவி வந்ததும் பழையதை யாரும் தூக்கி எறிவதில்லை. காது உடைந்தும் கால் சிதைந்தும் அது புதியதன் பின்னே அப்படியே நிற்கும். தானாக மண்ணோடு மண்ணாகும்வரை நிற்கும். பணி முடிந்த உருவத்துக்கு ஊரார் செய்யும் மரியாதை அது.

அம்மரியாதைக்குரியது வீட்டுப் பரணில் கிடக்கும் ஒற்றைக் கண் கரடியும் முகம் தேய்ந்த மரப்பாச்சியும் நைந்த தூளிச் சேலையும். ஊர் வரலாறு எழுதுவோர் கோட்டைச் சுவரை அளப்பது போலவே, பழைய வீடுகளின் பரணையும் ஒருமுறை ஏறிப் பார்த்தல் வேண்டும். முதுமகளிரிடம் அமர்ந்து, அவர்தம் சிறுவயதில் எதனை அணைத்து உறங்கினர் என்று கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். காலம் கடந்தால் கேட்பதற்கு ஆள் இராது. அதுவரை, குழந்தையின் கையில் உள்ளதைப் பிடுங்காதிருப்பதும், அதற்கும் ஒரு வாய்ச் சோறு ஊட்டச் சொன்னால் மறுக்காது ஊட்டுவதும் பெரியோர் கடமையாகும். அறத்தைத் தாங்கும் ஊர் என்று பெயர்க்காரணம் கூறும் ஊருக்கு, ஒரு குழந்தை தாங்கி நிற்கும் அன்பையும் மதிக்கத் தெரிதல் பொருத்தமுடையதேயாம்.